இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனையில் பரவும் தொற்றுகள் பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆபரேஷன் தியேட்டர், வென்டிலேட்டர், குளுக்கோஸ் ஏற்றும் ஊசி என்று எல்லாவற்றையும் பேசியிருந்தார்கள். சிறுநீர் வடிவதற்காக உள்ளே போடும் குழாயை, அதாவது கதீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்துத் தலைமைச் செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். அறுவை வார்டு, பெண்கள் மருத்துவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று எங்கே டூட்டி போட்டாலும் நான் அதிகம் பார்த்த தொற்று இந்தக் குழாய் வழியாக வந்ததுதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்குப்படி, மருத்துவமனையில் இருக்கும்போது வருகிற சிறுநீர்த் தொற்றுகளில் சுமார் 75 சதவீதம் கதீட்டரோடு சம்பந்தப்பட்டவை. அதில் பெரும்பங்கைத் தடுத்துவிடலாம். அதற்கு வேண்டியவை நம் ஊர் மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டும்.

வார்டில் நாங்கள் ஃபோலிஸ் என்று சொல்லும் கதீட்டரை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபிரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர், 1930களில். சிறுநீர்ப்பைக்குள் போனதும் நுனியில் இருக்கும் சிறு பலூனில் தண்ணீரை ஏற்றினால் குழாய் நழுவாமல் உள்ளேயே நிற்கும். மருத்துவத்துக்கு அது பெரிய வரம். சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு வீங்கித் துடிக்கும் பெரியவருக்கு இந்தக் குழாயைப் போட்ட அடுத்த நிமிடம் முகத்தில் வரும் தெளிவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் நழுவாமல் நிற்பதுதான் இதன் ஆபத்தும். ஒருவர் வந்து பலூனின் தண்ணீரை எடுக்கிறவரை அது உள்ளேயே இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதைத்தான் நம் மருத்துவமனைகளில் யாரும் முடிவு செய்து வைக்கவில்லை.

தொற்று எப்படி வருகிறது என்பதை நோயாளியின் வீட்டார் தெரிந்துகொள்வது நல்லது. நம் உடம்பில் சிறுநீர் நிறைந்து, வேகமாக வெளியே போகும்போது வழியில் ஒட்டியிருக்கும் கிருமியையும் அடித்துக்கொண்டு போய்விடும். குழாய் போட்டதும் அந்தக் கழுவல் நின்றுபோகிறது. பலூனுக்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கும். ஆசனவாய்ப் பக்கத்துத் தோலில் இருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் குழாயின் வெளிப்பக்கமாக ஏறும். பை அசுத்தமானால் உள்பக்கமாகவும் ஏறும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை நாலு சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு ஏறக்குறைய இருபது. அதனால் பெண்களுக்கு இன்னும் சீக்கிரம். ஏறிய கிருமிகள் குழாயின் மேல் ஒரு வழுவழுப்பான படலமாகப் படிந்துகொள்ளும். பாறையில் பாசி பிடித்தது போன்ற அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாகப் போய்ச் சேராது. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது என்பது பல நாடுகளில் உறுதியான கணக்கு. ஒரு மாதம் குழாய் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்குமே கிருமி வந்துவிடும். குழாயின் விலையோ கம்பெனியோ இதை மாற்றாது. நாள் கணக்குதான் பேசும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1958-லேயே பால் பீசன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கதீட்டர் போடும் முடிவை மிகக் கவனமாக எடுக்க வேண்டும் என்று மருத்துவ இதழில் தலையங்கமே எழுதினார். அந்தக் காலத்தில் குழாயின் மறுமுனையைத் திறந்த பாட்டிலில் விட்டிருப்பார்கள்; நாலே நாளில் ஏறக்குறைய எல்லா நோயாளிக்கும் சிறுநீரில் கிருமி. 1966-ல் கால்வின் குனினும் அவருடைய சகாவும் குழாயையும் பையையும் எங்கும் திறக்காமல் மூடியே வைத்தால் தொற்று வெகுவாகத் தள்ளிப்போகிறது என்று காட்டினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் மூடிய பை அப்படி வந்ததுதான். அந்த இணைப்பைத்தான் இங்கே சாம்பிள் எடுக்க ஒரு தடவை, நடக்க வைக்க ஒரு தடவை, பை மாற்ற ஒரு தடவை என்று கழற்றி மாட்டுகிறோம். கழற்றிய முனையைப் படுக்கை விரிப்பின் மேலேயே போட்டுவைத்து, பிறகு அப்படியே சொருகுவதையும் பார்த்திருக்கிறேன். சாம்பிள் எடுக்கக் குழாயிலேயே தனி இடம் இருக்கிறது. அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு சிரிஞ்சால் எடுத்தால் எதையும் கழற்ற வேண்டியதே இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். இந்தத் தொற்றில் பாதிக்கு மேல் மறதியில் வருவது என்பது என் தீர்மானமான எண்ணம். விபத்துப் பிரிவில் அவசரத்தில் குழாயைப் போடுவார்கள். நோயாளி வார்டுக்கு வருவார். கேஸ் ஷீட்டில் ‘கதீட்டர் போடப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். எதற்காக என்று இருக்காது. காலை ஷிஃப்ட் சிஸ்டர் மதியத்துக்கும், மதியம் இரவுக்கும் ஒப்படைக்கும்போது, “எட்டாம் நம்பர் பெட், கதீட்டர் இருக்கு, யூரின் கிளியர்” என்று சொல்லிக் கைமாற்றுவார்கள். ஏன் இருக்கிறது என்று கேட்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. பை கட்டிலுக்குக் கீழே தொங்கும். போர்வை மேலே மூடியிருக்கும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கண்ணில் படாது. அமெரிக்காவில் சஞ்சய் செயிண்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் நோயாளிக்குக் கதீட்டர் இருப்பதே மருத்துவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. பொறுப்பிலிருக்கும் மூத்த மருத்துவர்களில் அது 38 சதவீதம். அத்தனை வசதியுள்ள இடத்திலேயே அப்படியென்றால், ஒரு யூனிட் டாக்டர் காலை ரவுண்ட்ஸில் எழுபது எண்பது பேரைப் பார்க்கும் நம் ஊரில் என்ன நடக்கும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வந்த அன்றே குழாய் போட்டார்கள். அந்த வலியில் பெட்பேன் வைக்க முடியாது, அது நியாயம். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாளே பிசியோதெரபி தம்பி வந்து வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தான். யூரின் பையை வாக்கரின் மேல்கம்பியில் மாட்டியிருந்தான். பையில் இருந்தது குழாய் வழியே திரும்பிப் போவது எனக்குத் தெரிந்தது. இறக்கிக் கீழ்க்கம்பியில் மாட்டினேன். எழுந்து நிற்கிறவளுக்கு இனி குழாய் எதற்கு, எடுத்துவிடலாமே என்று சிஸ்டரிடம் கேட்டேன். சின்னப் பெண். “ஆர்டர் இல்லாம எடுக்க முடியாதும்மா, சார் வரட்டும்” என்றாள். சார் வரவில்லை. சனி, ஞாயிறு போயிற்று. டூட்டி டாக்டரைக் கேட்டால், கன்சல்டன்ட்டைக் கேட்காமல் நான் எப்படி என்றார்.

திங்கட்கிழமை ராத்திரி அக்காவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குளிர்ஜுரம். கொஞ்ச நேரத்தில் பேச்சு மாறிவிட்டது. “அம்மா வந்திருக்கா, உக்கார வச்சிருக்க, காப்பி போட்டுக் கொடுடி” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் அம்மா போய்ப் பல காலம் ஆயிற்று. பிள்ளைகள் பக்கவாதமோ என்று பயந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். நடுராத்திரியில் சி.டி. ஸ்கேன். மூளையில் ஒன்றுமில்லை. வயதானவர்களுக்குத் தொற்று வரும்போது இப்படித்தான் புத்தி தடுமாறும். பல வீடுகளில் காய்ச்சலுக்கு முன்னாலேயே இதுதான் தெரியும். சிறுநீரை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. வழக்கமான மருந்து எதற்கும் மசியாத ரகம். மெரோபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஊசி, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. எழுந்து நடக்க ஆரம்பித்தவள் மறுபடி படுத்துவிட்டாள். முதுகில் தோல் சிவந்து புண் வரப் பார்த்தது. டிஸ்சார்ஜ் தள்ளிப்போனது. பில்லில் ஆபரேஷனுக்கு அடுத்தபடியாக நின்றது அந்த ஊசியும் கூடுதல் நாட்களின் அறை வாடகையும்தான். பிழைத்து வந்தாள், இப்போது கம்பை ஊன்றி நடக்கிறாள். ஆனால் அவள் பட்ட அந்தப் பாடு படவே வேண்டாத பாடு.

அந்தச் சின்னப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அந்தத் தளம் முழுக்கப் பொறுப்பு. குழாய் வேண்டாம் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். போடுவதற்கு அவளை நம்புகிறோம். கிருமி படாமல், ரத்தம் வராமல் போடுகிற கை அவளுடையது. எடுப்பதற்கு மட்டும் ஏன் நம்பவில்லை? பலூன் தண்ணீரை சிரிஞ்சில் எடுத்துவிட்டு மெதுவாக வெளியே இழுக்கிற வேலை அது.

இதை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். முதலில் மிச்சிகன் மாநிலத்திலும் பிறகு அமெரிக்கா முழுவதும் நடந்த ஒரு திட்டத்தின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. 603 மருத்துவமனைகள் அதில் பங்கேற்றன. அங்கே செய்தது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. தினமும் ஒவ்வொரு நோயாளிக்கும், இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா என்று செவிலியரும் மருத்துவரும் கேட்டுக்கொண்டார்கள். போடும் முறையையும் பராமரிப்பையும் திரும்பவும் சொல்லிக்கொடுத்தார்கள். தொற்றுக் கணக்கை வார்டுக்கே திருப்பிக் காட்டினார்கள். சாதாரண வார்டுகளில் தொற்று 32 சதவீதம் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மணிக்கு மணி சிறுநீர் அளக்க வேண்டியிருப்பதால் குழாயை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. நம் ஊரில் நோயாளிகள் அதிகம் படுத்திருப்பது சாதாரண வார்டுகளில்தான்.

எப்போது தேவை என்பதில் குழப்பமே வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டால் தேவை. உயிருக்குப் போராடுகிறவருக்கு மணிக்கு மணி அளவு பார்க்கத் தேவை. சிறுநீர்ப் பாதை ஆபரேஷன்களுக்கும் நீண்ட நேர ஆபரேஷன்களுக்கும் தேவை. அதிலும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம். முதுகெலும்பு, இடுப்பு முறிந்து அசையவே கூடாதவருக்கு, பின்பக்கப் புண் நனைந்துகொண்டே இருப்பவருக்கு, கடைசி நாட்களில் நிம்மதி வேண்டுபவருக்குத் தேவை. பாட்டி படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறாள் என்பதற்காகப் போடுவது இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வார்டில் பாதிக் குழாய்கள் அதற்காகத்தான் இருக்கும். வீட்டாரே வந்து கேட்பார்கள்: “சிஸ்டர், ஒரு ட்யூப் போட்டு விட்ருங்க, தூக்கித் தூக்கி எங்களால முடியல.” அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. கூட இருப்பது ஒரே ஒரு மகளாக இருக்கும். அவளும் ராத்திரி தூங்காதவளாக இருப்பாள். இரவு டூட்டியில் முப்பது நாற்பது கட்டிலுக்கு ஒரே சிஸ்டர், ஒரே பணியாளர் என்று இருக்கும் வார்டில் பெட்பேன் வைப்பது யார்? கதீட்டர் தொற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பணியாளர் எண்ணிக்கையைப் பற்றியும் பேச வேண்டும். காலி இடங்களை நிரப்பாமல், கை கழுவுங்கள் என்று போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது.

மாற்று வழிகள் இருக்கின்றன. ஆண்களுக்கு யூரினல் பாட்டில். நினைவு தெளியாதவர்களுக்கு வெளியே மாட்டும் ஆணுறை போன்ற உறை. நடக்க முடிந்தவர்களுக்குக் கட்டிலருகே கழிப்பறை நாற்காலி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, கேட்காவிட்டாலும் கூட்டிப் போவது. பெரியவர்களுக்கான டயாப்பரை நேரத்துக்கு மாற்றினால் அதுவும் சரிதான். சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று வயிற்றின் மேல் வைத்தே பார்க்கும் சின்ன ஸ்கேன் கருவி இருக்கிறது. வார்டுக்கு ஒன்று இருந்தால், சிறுநீர் வரவில்லையே என்ற சந்தேகத்துக்காகக் குழாய் போடுவது நின்றுவிடும்.

போட்டே ஆக வேண்டும் என்றால் ஒழுங்காகப் போட வேண்டும். கை கழுவி, ஸ்டெரைல் கையுறை மாட்டி, துணி விரித்து, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு போட வேண்டிய காரியம் இது. குழாய் பெரிதாக இருந்தால் நன்றாக வடியும் என்று நினைத்துப் பருமனானதைப் போடுவார்கள். பாதை புண்ணாகும், ஓரமாக ஒழுகும். வேலைக்குப் போதுமான சிறிய அளவே நல்லது. சிறுநீர் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பலூனை ஊத வேண்டும். குழாய் வழுக்கிப் போகத் தடவும் ஜெல்லி ட்யூப் ஒன்றையே வைத்து வார்டு முழுக்கத் தடவும் பழக்கம் எங்கே இருந்தாலும் இன்றே நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பாக்கெட். போட்டு முடித்ததும் குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு நிறுத்த வேண்டும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. நோயாளி திரும்பும்போதெல்லாம் குழாய் உள்ளே வெளியே இழுபடுவது வெளியிலிருக்கும் கிருமியை நாமே உள்ளே தள்ளிவிடுவதுதான்.

பையைப் பற்றி நான் வார்டில் போட்ட சண்டைகள் கொஞ்சமில்லை. ஸ்கேனுக்குக் கொண்டு போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல், கால்களுக்கு நடுவே வைத்துவிடுவார்கள். லிஃப்ட், வராந்தா, காத்திருப்பு என்று போய் வருகிறவரை பழைய சிறுநீர் உள்ளே திரும்பிக்கொண்டிருக்கும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக் கூடாது. குழாய் தொடைக்கு அடியில் மடங்கக் கூடாது. முக்கால்வாசி நிறையும் முன்பே காலி செய்ய வேண்டும். காலி செய்யும் மக்தான் பெரிய வில்லன். ஒரே பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார்கள், பையின் வாய் அதில் இடிக்கும், கையுறையும் மாறாது. ஒருவரிடம் இருந்த மருந்துக்கு மசியாத கிருமி அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து கட்டிலுக்குப் போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. கட்டிலுக்கு ஒரு மக், அதில் கட்டில் எண். இதற்கு டெண்டர்கூட வேண்டாம். நான் பொறுப்பாக இருந்த வார்டில் இதைச் செய்ய வைத்தேன். முதலில் முணுமுணுத்த பணியாளர் அம்மாவே பிறகு புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தடுப்பு என்ற பெயரில் நடக்கும் சில காரியங்கள் தீமையே செய்கின்றன. குழாய் இருக்கிறதே என்று முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பது, சிறுநீர்ப்பையை மருந்துத் தண்ணீரால் கழுவுவது, வாரம் ஆயிற்று என்று காரணமில்லாமல் குழாயை மாற்றுவது, சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்று கல்ச்சர் அனுப்புவது. காய்ச்சல், குளிர், அடிவயிற்று வலி எதுவும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வளர்ந்தால், கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதை ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்து கொடுக்கத் தேவையில்லை. அந்த மருந்து கிருமியை ஒழிக்காது. மருந்தை ஜெயிக்க அதற்குப் பழக்கிக் கொடுக்கும். 2012-ல் சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக்கை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்று பிரகடனம் வெளியிட்டார்கள். சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். நம் ஊர் பெயரைத் தாங்கிய அந்த வாக்குறுதியை நம் வார்டுகளில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. பக்கவாதம், புராஸ்டேட், முதுகுத்தண்டு அடி. டிஸ்சார்ஜ் அட்டையில் மாத்திரை எழுதியிருக்கும். குழாயை எப்படிப் பார்ப்பது என்று இருக்காது. எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மனைவி, பை வாங்கக் காசில்லாமல் குழாய் முனையை நூலால் கட்டி, நேரத்துக்கு அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கணவருக்கு வாராவாரம் காய்ச்சல். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு அரைமணி நேரம் போதுமாக இருந்தது. தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் குழாய் நுழையும் இடத்தைக் கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம். தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாவிட்டால் நன்றாகக் குடிக்க வேண்டும். குழாயில் வராமல் ஓரமாக ஒழுகினாலோ, பை காலியாகவே இருந்து வயிறு வீங்கினாலோ, குளிர்ஜுரம் வந்தாலோ, பெரியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்குப் புரோட்டியஸ் என்ற கிருமியால் சுண்ணாம்புபோல் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அடிக்கடி மாற்ற வேண்டி வரும். முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலருக்கு நிரந்தரக் குழாயே தேவையில்லை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை தானே சின்னக் குழாயை விட்டு எடுத்துக்கொள்ளும் முறையை 1972-லேயே ஜாக் லாப்பிடஸ் என்ற மருத்துவர் மிச்சிகனில் கொண்டுவந்தார். கை வேலை செய்கிறவர் எவரும் அதைக் கற்றுக்கொள்ளலாம். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் செவிலியர்கள் இருக்கிறார்கள். குழாயோடு டிஸ்சார்ஜ் ஆகிற ஒவ்வொருவரின் பெயரையும் அன்றே அந்தந்தப் பகுதிச் செவிலியருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர், 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையிலேயே வந்த கதீட்டர் தொற்றுக்குக் கூடுதல் பணம் தருவதை நிறுத்திவிட்டது. இங்கே அந்தச் செலவை நோயாளியின் குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டுகிறது. தரச் சான்று பெற்ற மருத்துவமனைகள் 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) எத்தனை தொற்று என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். அதை வரவேற்பறையில் எல்லோருக்கும் தெரிகிறபடி எழுதி வைக்கட்டும். எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் குடும்பத்துக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட தொற்றுத் தடுப்பு வழிகாட்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிய குழு எதுவும் போட வேண்டாம். மருத்துவக் கல்வி இயக்ககமும், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககமும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எழுதும் அதே தாளில் கதீட்டருக்கு ஒரு கட்டம் சேர்க்கட்டும்: போட்ட தேதி, காரணம், இன்றும் அந்தக் காரணம் இருக்கிறதா. காரணத்தை எழுத முடியாவிட்டால், டாக்டருக்காகக் காத்திருக்காமல் வார்டு செவிலியரே குழாயை எடுத்துவிடலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சிறுநீர்ப் பாதை ஆபரேஷன் ஆனவர்களைப் போல, டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாதவர்கள் யார் யார் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கட்டும். எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வதும் அந்தச் செவிலியரின் வேலையாக இருக்கட்டும். முதலில் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் எலும்பு முறிவு வார்டு, பெண்கள் மருத்துவ வார்டு என்ற இரண்டில் மட்டும் தொடங்கி, மூன்று மாதக் கணக்கை வெளியிடட்டும். பயிற்சி கொடுக்க ஓய்வு பெற்ற செவிலியர்கள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி எங்கே என்றாலும் நான் சொந்தச் செலவில் பஸ் பிடித்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர்,
பாளையங்கோட்டை.